ஏஜென்ட் ஆன அம்மா... முதலில் விற்ற வீடு எங்க வீடு!

சென்னைப் புறநகரில் வீடு பார்க்க வருகிறவர்கள், விலையைக் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். ``இங்க தண்ணி வருமா?''

சித்திரையில் கேட்டால் அதற்கு ஓர் அர்த்தம். ஐப்பசி, கார்த்திகையில் கேட்டால் வேறு அர்த்தம். முதல் கேள்விக்கு `வரும்' என்று சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு `வராது' என்று சொல்ல வேண்டும். வீடு விற்றுக் கொடுக்கிற தொழிலில் இதுதான் பாலபாடம். ``தெரு வரைக்கும் வரும் சார். வீட்டுக்குள்ள வந்ததே இல்ல'' என்ற வசனத்தை, எங்கள் முடிச்சூர் பக்கம் நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

இப்போது என் அம்மாவும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார். `புரோக்கர்னு எழுதாதே, ஏஜென்ட்னு எழுது' என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. ரெராவில் பதிவுசெய்து, தன் பெயரில் பதிவு எண் வாங்கிய ஏஜென்ட். அந்த எண் கைக்கு வந்த பிறகு அவர் விற்ற முதல் வீடு, நாங்கள் குடியிருந்த எங்கள் சொந்த வீடு!

அம்மாவுக்குக் கிடைத்த நம்பர்

அப்பா 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். 19 நாள் தனியார் மருத்துவமனை. அந்த 19 நாளுக்கான கடன், அவர் போன பிறகும் எங்களோடு இருந்தது. நகைகள் அடகில், உறவினர்களிடம் கைமாற்று, தம்பியின் கல்விக்கடன் தனி. நான் ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து, 2022-ல் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்தேன். என் சம்பளம் வட்டிக்குத்தான் சரியாக இருந்தது.

அதுவரை வீட்டைத் தாண்டாத அம்மா, மனை விற்கும் ஒரு நிறுவனத்தில் பத்திரங்களை ஃபைல் செய்யும் வேலைக்குப் போனார். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம் என்று நாள் முழுக்கக் காகிதம். மூன்று வருடத்தில், வக்கீல் குமாஸ்தாக்களே சந்தேகம் கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார். 2024-ல், 49 வயதில், தனியாக ரெரா பதிவும் வாங்கிவிட்டார்.

ரெரா என்பது 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். ஒரு புராஜெக்ட்டில் உள்ள மனையையோ அடுக்குமாடி வீட்டையோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட், அதில் பதிவுசெய்திருக்க வேண்டும். ஆனால், ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பதற்கு அந்தப் பதிவு தேவையில்லை.

``அப்போ நம்ம வீட்டை விக்க உன் நம்பரே தேவையில்லையேம்மா'' என்றேன்.

``சட்டத்துக்குத் தேவையில்ல. போர்டு மாட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டேன்ல, நாளைக்கு நாலு பேரு `உங்க வீட்டை எப்படி வித்தீங்க'ன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் வேணும்'' என்றார்.

ஓனர் ஒரு விலை, ஏஜென்ட் ஒரு விலை

வீட்டை விற்பது என்று முடிவானதும் அம்மா ஒரு நோட்டு எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போட்டார். இடது பக்கம் `ஓனர்'. வலது பக்கம் `ஏஜென்ட்'.

ஓனர் பக்கத்தில் இருந்தவை: அப்பா காரைக்குடி வரை போய்ப் பார்த்து வாங்கிவந்த தேக்கு நிலைக்கதவு. இரண்டு தென்னை மரம். மாடியில் கட்டிய ஒற்றை அறை. பூஜை அறையின் சலவைக்கல். மொத்த விலை 85 லட்சம்.

ஏஜென்ட் பக்கம் வறட்சியாக இருந்தது. மனை அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. வீடு 2006-ல் கட்டியது, 19 வருடப் பழசு. பழைய வீட்டில் மனைக்குத்தான் விலை, கட்டடத்துக்குத் தேய்மானம் கழியும். மாடி அறைக்கு பிளான் அப்ரூவல் இல்லை. கடைசி வரியில் வெறுமனே `2015' என்று மட்டும் எழுதியிருந்தார். மொத்த விலை 68 லட்சம்.

வலது பக்கத்தை அவர் குத்துமதிப்பாகப் போடவில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் அரசு வழிகாட்டி மதிப்பைப் பார்த்தார். அதே தளத்தில் அக்கம்பக்கத்து மனைகளின் வில்லங்க விவரத்தையும் இலவசமாகப் பார்க்கலாம்; யார், எந்தத் தேதியில், எவ்வளவுக்குக் கிரயம் செய்தார்கள் என்பது அதில் இருக்கும். பத்திரத்தில் எழுதுகிற தொகை பல நேரம் உண்மை விலையைவிடக் குறைவு என்பதால், சமீபத்தில் விற்றவர்கள் ஐந்து பேரின் வீட்டுக்கே போய் விசாரித்தார்.

``வேற யாராவது 85 லட்சம்னு வந்து நின்னா, `இது உங்க ஆசை, விலை இல்ல'ன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுவேன். இந்த ஓனரம்மா மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க'' என்று தன்னையே சொல்லிக்கொண்டார். மூன்று நாள் அந்த நோட்டு சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. நான்காம் நாள் காலை, 72 லட்சம் என்று விளம்பரம் போட்டார். கீழே ஒரு வரி: `உரிமையாளரே ஏஜென்ட்.'

அந்த வரி எதற்கு என்று தம்பி கேட்டான். அமெரிக்காவின் பல மாநிலங்களில், லைசென்ஸ் வாங்கிய ஏஜென்ட் தன் சொந்த வீட்டை விற்கும்போது, தான் ஏஜென்ட் என்பதை வாங்குபவரிடம் தெரிவித்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. வேலையில் ஒரு கட்டுரைக்காகத் தேடியபோது நான் படித்தது அது. தொழில் தெரிந்தவர், தெரியாதவரிடம் விற்கும்போது, எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் காரணம். நம் ஊரில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனாலும் அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

கணக்கில் வராத ஆயா

பத்திர வேலையில் பெரிய சிக்கல் இருக்காது என்றுதான் நினைத்தோம். 2015 வெள்ளத்தில் பீரோவில் இருந்த என் மார்க் ஷீட் வரை எல்லாம் ஊறிப்போனது. வீட்டுப் பத்திரம் மட்டும் தப்பியது. வீட்டுக்கடனுக்காக அது வங்கியில் அடமானத்தில் இருந்ததுதான் காரணம். கடன் 2020-ல் முடிந்தது. அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்தால்தான் வில்லங்கத்தில் அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டும். அப்பா அதைச் செய்யாமல் விட்டிருந்தார். அம்மா முதலில் அதை முடித்தார்.

அடுத்தது வாரிசு. அப்பா உயில் எழுதவில்லை. அம்மா, நான், தம்பி என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று உறவுகள் எல்லோரும் சொன்னார்கள். அம்மா நான்கு விரலைக் காட்டினார். நான்காவது ஆள், அப்பாவைப் பெற்ற ஆயா.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகளைப் போலவே அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு. எங்கள் வாரிசுச் சான்றிதழிலும் ஆயா பெயர் இருந்தது. ஆக, வீட்டில் கால் பங்கு 82 வயது ஆயாவுடையது.

``வயசானவங்க, பணத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறாங்க? ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடுங்க அண்ணி'' என்றார் சித்தப்பா. தொழிலில் இருக்கும் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

அம்மா ஆயாவின் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, ``அத்தை, இந்த வீட்டுல உங்களுக்குக் கால் பங்கு இருக்கு. விக்கட்டுமா?'' என்று கேட்டார்.

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. ``இத்தினி வருசமா, எம் புள்ள வூட்டுல ஒண்டிக்கினு இருக்கறோம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்'' என்றார். பிறகு, ``வித்துடும்மா. மழை வந்தா தூக்கம் வர மாட்டேங்குது'' என்றார்.

பெயின்ட்டுக்குக் கீழே ஒரு கோடு

ஆயாவின் தூக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு நிரம்பி வந்தபோது, எங்கள் ஹாலில் நான்கு அடித் தண்ணீர். ஆயாவைப் படகில்தான் வெளியே கொண்டுவந்தோம். அதற்கு அடுத்த வருடம்தான் அப்பா மாடியில் அந்த அறையைக் கட்டினார். மறுபடி தண்ணீர் வந்தால் ஓடி ஏறுவதற்காக, அவசரமாக, அப்ரூவல் வாங்காமல். பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், வடிகால் கட்டினார்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எங்கள் போர்டிகோவின் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. அன்றைக்கு நான் அலுவலகத்தில் உட்கார்ந்து `முடிச்சூரில் வெள்ளம்' என்று லைவ் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவும் தம்பியும் ஆயாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹால் சுவரில் இருந்த வெள்ளக் கோட்டின் மேல் மூன்று முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. வெளியாள் கண்ணுக்குத் தெரியாது. மாடிப்படிக்குக் கீழே, பெயின்ட் எட்டாத ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது.

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ல் வந்தது. அதன் 55-வது பிரிவு சொல்வது இதுதான்: விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை, விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சட்டம் வந்து 140 வருடத்துக்கு மேல் ஆகியும், வீடு பார்க்கப் போன இடத்தில் யாராவது தானாக ஒரு குறையைச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

அம்மா ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார். `2015: வீட்டுக்குள் 4 அடி. 2023: இரண்டாம் படி வரை. மாடி அறைக்கு அப்ரூவல் இல்லை, வங்கிக்கடனுக்குக் கணக்கில் வராது. போர் தண்ணீர் சித்திரையில் குறையும்.' பத்து ஜெராக்ஸ் எடுத்தார்.

முதலில் வந்தது கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. வீடு ரொம்பவும் பிடித்திருந்தது. தண்ணீர் பற்றி அவர்கள் கேட்கவேயில்லை. அம்மாவே தாளைக் கொடுத்து, மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய் டார்ச் அடித்துக் கோட்டைக் காட்டினார். அந்தப் பெண் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். ``வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம் ஆன்ட்டி.'' சொல்லவில்லை.

இரண்டாவதாக வந்தவர் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். ``மேடம், புதுசா தொழிலுக்கு?'' அவரும் திரும்ப வரவில்லை.

அன்றிரவு வீட்டில் பெரிய சண்டை. ``நீ நமக்கு ஏஜென்ட்டா, வாங்குறவங்களுக்கு வக்கீலாம்மா?'' என்றான் தம்பி. அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. வட்டி மட்டும் மாதம் 11,000 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். போனை எடுத்து எங்கள் ஏரியா பெயரையும் `வெள்ளம்' என்ற வார்த்தையையும் போட்டுத் தேடினால், வரிசையாகச் செய்திகள் வந்து விழும். அவற்றில் சில நானே எழுதியவை.

அம்மா சொன்னது இதைத்தான்: ``நாளைக்கு ஒரு மழை ராத்திரியில அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவங்க மாடி ஏறுவாங்க. அப்போ என் பேரைச் சொல்லித்தானே திட்டுவாங்க? இந்த ஏரியாவுலதான் நான் இனிமே பொழைக்கணும்.''

70 லட்சமா, 66 லட்சமா?

மூன்றாவதாக வந்தவருக்குத் தண்ணீர் பற்றிக் கவலையே இல்லை. இடித்துவிட்டு உயர்த்திக் கட்டப்போகிறவர். 70 லட்சம் தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு மட்டும் எழுத வேண்டும், மீதியை ரொக்கமாகத் தந்துவிடுவார்.

உண்மையில் சபலப்பட வைத்தது இதுதான். ஆனால், வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். ``ரொக்கமா வாங்கினா ஆயாவோட கால் பங்கை எப்படிக் கணக்குக் காட்டுவேன்?'' என்று கேட்டு, அம்மா அவரை அனுப்பிவிட்டார்.

நான்காவதாக வந்தவர்கள், அடுத்த தெருவில் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம். 2023 தண்ணீரை நேரில் பார்த்தவர்கள். அந்த அண்ணன் தாளை இரண்டு முறை படித்தார். ``இது வரைக்கும் 14 வீடு பார்த்தாச்சு. எல்லாரும் தண்ணியே வராதுன்னாங்க. நாங்க அதே தெருவுலதான் முட்டியளவு தண்ணியில நடந்தோம்'' என்றார்.

நல்லவர்கள் என்பதற்காக அவர்கள் பேரம் பேசாமல் இல்லை. ``நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்கல்ல, அப்போ குறைச்சுக்கோங்க'' என்று 64 லட்சத்தில் நின்றார்கள். மாடி அறை பற்றி முன்பே சொல்லிவிட்டதால், வங்கிக்கடன் எவ்வளவு குறையும் என்பதற்கும் தயாராக வந்திருந்தார்கள். 66 லட்சத்தில் முடிந்தது. கமிஷன் விஷயத்தை அவர்களே எடுத்தார்கள். ``என் வீட்டுக்கு நானே கமிஷன் வாங்கினா நல்லாவா இருக்கும்?'' என்று அம்மா மறுத்துவிட்டார்.

ரொக்கக்காரர் சொன்ன 70 லட்சத்துக்கும் இதற்கும் 4 லட்சம் வித்தியாசம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்த நான்கு லட்சத்தை நாங்கள் யாரும் இன்னும் மறக்கவில்லை, அம்மா உட்பட.

82 வயதில் பான் கார்டு

விற்பனைத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர்கள் பலர் என்றாலும் மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார்கள். விற்பவரிடம் பான் இல்லை என்றால் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆயாவிடம் ரேஷன் கார்டும் ஆதாரும்தான் இருந்தன. அவசரமாக ஆயாவுக்கு பான் கார்டும் அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கும் எடுத்தோம். போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று சொல்லியும் சிரித்துவிட்டார்.

தமிழ்நாட்டில் கிரயப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 66 லட்சத்துக்கு 5,94,000 ரூபாய். இது வாங்குபவர் செலவு. அந்த அண்ணன் முழு விலையையும் பத்திரத்தில் எழுதி, முழுத் தீர்வையும் கட்டினார். எங்கள் பக்கம் மூலதன ஆதாய வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கத்தைக் கழிக்காமல் 12.5 சதவீதம் அல்லது கழித்து 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். இதை ஆடிட்டரிடம் விட்டுவிட்டோம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நான்கு பேரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்து, ரேகை வைத்தோம். ஆயாவின் ரேகை தேய்ந்துபோய், மெஷினில் பதிய நேரமானது. ``பாத்திரம் தேச்ச கையி, அதான்'' என்றார் அங்கிருந்த ஊழியரிடம்.

சாயங்காலம் ஆயாவின் கணக்கில் பணம் வந்த மெசேஜை நான்தான் படித்துக் காட்டினேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, ``உங்கம்மா செயின் எவ்ளோவுக்கு அடகுல இருக்கு?''

இப்போது அந்தத் தாள்

பெருங்களத்தூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கடன் அடைந்துவிட்டது. மீதிப் பணத்தில் சின்னதாக ஒரு ஃபிளாட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாங்கும் இடத்திலும் அம்மா விடுவதில்லை. ``தெரிஞ்ச குறையெல்லாம் எழுதிக் கொடுங்க'' என்று கேட்கிறார். ஒருவரும் இதுவரை எழுதிக் கொடுக்கவில்லை.

அம்மாவிடம் வீடு விற்கக் கொடுத்தவர்கள் இதுவரை மூன்று பேர். மூவரிடமும் அதே வெள்ளைத்தாளை நீட்டினார். முதல் ஆள், `இதெல்லாம் எழுதினா யாரு வாங்குவா' என்று வேறு புரோக்கரிடம் போய்விட்டார். இரண்டாவது ஆள் இன்னும் யோசிக்கிறார்.

மூன்றாவதாக வந்தவர், பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. ``உங்க வீட்டுக்கு எழுதினதைக் காட்டுங்க'' என்று கேட்டார். அம்மா பையிலிருந்து எங்கள் வீட்டுத் தாளின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு பேனாவை வாங்கி, நிறுத்தி நிதானமாக எழுத ஆரம்பித்தார்: `சமையலறை மேல் தளத்தில் மழைக்காலத்தில் கசிவு. மோட்டார் இரண்டு முறை ரிப்பேர். பின்பக்கச் சுவர் பற்றி பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நடக்கிறது...'